வீட்டிலேயே ஃப்ளை கட்ட: சென்னைத் தூண்டில்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இது மலை ஓடையில் ட்ரவுட் பிடிப்பவர்களுக்கான பக்கம் அல்ல. முட்டுக்காடு, கோவளம், எண்ணூர், பழவேற்காடு என்று உப்பங்கழியோரம் நிற்பவர்களுக்கும், புறநகர் ஏரிக்கரையில் விராலுக்குக் காத்திருப்பவர்களுக்கும் எழுதப்பட்டது. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பொருட்பட்டியலோடு மலைத்துப்போய் நிற்கிறவர்கள் பொறுமையாகப் படிக்கவும். அந்தப் பட்டியலில் முக்கால்வாசி நமக்குத் தேவையே இல்லை.

ஃப்ளை என்றால் என்ன? லூரிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

தூண்டில் முள்ளின் தண்டில் இறகு, முடி, கம்பளி, ஜரிகை முதலியவற்றை மெல்லிய நூலால் சுற்றிக் கட்டிச் செய்யும் போலி இரைதான் ஃப்ளை. லூர் என்பது உலோகத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன போலி இரை; அதற்குச் சொந்த எடை உண்டு. வீசும்போது அதுவே நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளைக்கு அவ்வளவு எடை கிடையாது. எனவே தடித்த, எடையுள்ள லைனை வீசுகிறோம். ஃப்ளை அதன் பின்னால் போகிறது. இழுப்பதை நிறுத்திய பிறகும் இறகும் முடியும் நீரோட்டத்தில் அசைந்துகொண்டிருக்கும். அந்த அசைவுக்காகத்தான் இத்தனை பாடும்.

என்னிடம் ஸ்பின்னிங் ராடுதான் இருக்கிறது. கட்டிப் பயன் உண்டா?

உண்டு. உள்ளே நீர் நிரப்பிக்கொள்ளும் பிளாஸ்டிக் தக்கையை நரம்பில் கோத்து, அதிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி ஃப்ளையைக் கட்டினால், வீசுவதற்கான எடையைத் தக்கை தந்துவிடும். இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது: ஸ்பூன் என்ற உலோக லூருக்கு ஒன்றரைச் சாண் மேலே சிறு கிளை நரம்பு விட்டு, அதில் ஒரு குட்டி ஃப்ளையைக் கட்டுவது. குஞ்சு மீனைப் பெரிய மீன் துரத்துவதாகத் தோன்றும். பாறை மீனுக்குப் பொறாமை பொறுக்காது.

எதையெல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

முள், நூல், வைஸ், பாபின், கத்தரிக்கோல். இந்த ஐந்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மற்றதெல்லாம் சென்னையின் கடைத்தெருக்களில், பெரும்பாலும் வேறு தொழிலுக்கான பொருளாகக் கிடைக்கிறது.

வைஸ் என்பது முள்ளை அசையாமல் பிடித்துக்கொள்ளும் கருவி. உலகச் சந்தையில் விற்கும் மலிவு வைஸ்களில் ஒரு பகுதி இந்தியாவில் தயாராவதுதான்; தொடங்குபவருக்கு அது போதும். வாங்கியதும் ஒரு பெரிய முள்ளைப் பொருத்தி, அதன் கண் (நரம்பு கோக்கும் வளையம்) இருக்கும் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தண்டு ஸ்பிரிங்போல் வளைந்து மீண்டால் நல்லது. தாடைக்குள் முள் நழுவினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதுவும் கட்டுப்படியாகாது என்றால், சௌகார்பேட்டைப் பக்கம் நகைத்தொழில் கருவிகள் விற்கும் கடைகளில் கை வைஸ் கேளுங்கள். அதை மேசையில் கிளாம்ப் போட்டு நிறுத்தினால் வேலை நடக்கும்.

பாபின் என்பது நூல்கண்டைத் தாங்கி, ஒரு குழாய் வழியாக நூலை விடும் பிடி. குழாயின் வாய் சொரசொரப்பாக இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். பீங்கான் குழாய் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பால்பாயின்ட் ரீபிளை வெட்டிச் செய்யும் சாமர்த்தியமெல்லாம் காணொளிக்கு நன்றாக இருக்கும். கட்டும்போது எரிச்சல்தான் மிஞ்சும்.

கத்தரிக்கோல் இரண்டு வேண்டும். ஆரி, எம்பிராய்டரி வேலைக்காரர்கள் வைத்திருக்கும் கூர்நுனிக் கத்தரி இறகுக்கும் நூலுக்கும். கம்பி, ஜரிகை வெட்ட வீட்டில் கிடக்கும் பழையது. இரண்டையும் ஒருபோதும் மாற்றிப் பயன்படுத்தாதீர்கள்.

தையல் நூலால் கட்டலாமா?

பருத்தி நூல் வேண்டாம், ஈரத்தில் இற்றுப்போகும். பாலியெஸ்டர் தையல் நூல் பெரிய முட்களுக்கு, அதாவது கொடுவாவுக்கும் விராலுக்கும் கட்டுபவற்றுக்கு, ஒப்பேறும். ஆனால் அது முறுக்கேறிய நூல். தண்டில் தட்டையாகப் படியாமல் மேடு கட்டும். நான்கு சுற்றிலேயே தலை பருத்துவிடும்.

ஃப்ளைக்கென்று விற்கும் நூல் டெனியர் கணக்கில் வரும். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் டெனியர். 70 டெனியர் சிறிய முட்களுக்கு, 140 எல்லாவற்றுக்கும், 210 முரட்டு முடியைக் கட்ட. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 140 வெள்ளை வாங்குங்கள். மார்க்கர் பேனாவால் எந்த நிறமும் ஏற்றிக்கொள்ளலாம். சுற்றச் சுற்ற நூலில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். அவ்வப்போது பாபினைத் தொங்கவிட்டு எதிர்ப்பக்கம் சுழற்றினால் நூல் மறுபடி தட்டையாகும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். வெறும் முள்ளில் நூலைக் கட்டி, அறும்வரை இழுங்கள். சில தடவை வேண்டுமென்றே அறுத்துப் பார்த்தால், எந்த இழுப்பில் அறும் என்பதைக் கை தெரிந்துகொள்ளும். அதற்குச் சற்றுக் குறைவான இழுப்பில்தான் ஒவ்வொரு சுற்றும் விழ வேண்டும், பம்பரத்தில் சாட்டை சுற்றுவதைப்போல் நெருக்கமாகவும் ஒரே இறுக்கமாகவும். ஃப்ளை கலைந்துவிடுகிறது என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை தளர்ந்த நூலால் வருபவை. பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை.

முள்ளின் எண்கள் குழப்புகின்றன.

வெறும் எண் என்றால், எண் ஏற ஏற முள் சிறிதாகும்: 14 சிறியது, 4 பெரியது. 1-க்குப் பிறகு 1/0, 2/0, 3/0 என்று போகும். அங்கே எண் ஏற ஏற முள் பெரிதாகும். ஏரியில் ஜிலேபி கெண்டைக்கு 10 முதல் 14, உப்பங்கழி டார்ப்பனுக்கு 4 அல்லது 6, பாறைக்கு 1 அல்லது 1/0, கொடுவாவுக்கும் விராலுக்கும் 1/0 முதல் 3/0. உப்புநீருக்குத் துருப்பிடிக்காத எஃகு முள் வேண்டும். மஸ்டட் 34007 இந்த வகையில் பலகாலமாகப் புழங்குவது.

முனைக்கு உள்ளே எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும் சிறு செதிலை, கட்டத் தொடங்கும் முன்பே இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். நசுக்கும்போது சில முட்கள் முனையோடு உடையும். கட்டி முடித்த பிறகு உடைந்தால் உழைப்பெல்லாம் வீண். செதில் இல்லாத முள் மீனின் வாயிலிருந்து எளிதாக வரும். உங்கள் விரலிலிருந்தும்தான்.

இறகு எங்கே கிடைக்கும்?

நாட்டுக்கோழிக் கடையில். பிராய்லர் கோழி ஆறேழு வாரத்திலேயே கடைக்கு வந்துவிடுவதால் அதன் இறகு முதிர்ந்திருக்காது; அடிவயிற்றுத் துய் மட்டும் சிறு ஃப்ளைகளின் வாலுக்கு உதவும். நமக்கு வேண்டியது முதிர்ந்த சேவலின் கழுத்திறகும், முதுகின் பின்பகுதியில் இருபுறமும் தொங்கும் நீண்ட இறகும். கடைக்காரரிடம் முன்பே சொல்லிவைத்தால் வெந்நீரில் முக்கும் முன் பிடுங்கித் தருவார். நல்ல சேவல் ஒன்று பல மாதங்களுக்குத் தாங்கும்.

கொண்டுவந்ததும் வெதுவெதுப்பான நீரில் ஷாம்பு போட்டு அலசி, நிழலில் காயவைத்து, ஜிப் கவரில் மூடி நான்கைந்து நாள் ஃப்ரீசரில் வையுங்கள். பேன், பூச்சி இருந்தால் சாகும். தோலோடு கிடைத்தால் உள்பக்கக் கொழுப்பைச் சுரண்டிவிட்டு வெங்காரம் தூவிக் காயவைக்க வேண்டும். ஃப்ரீசரில் இடம் பிடிப்பது பற்றி வீட்டில் உள்ளவர்களிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள். நோயுற்றோ செத்தோ கிடக்கும் பறவையின் இறகைத் தொடவே வேண்டாம்.

மயிலிறகு பயன்படுத்தலாமா? காட்டுக்கோழி, கிளி, மீன்கொத்தி?

மயிலின் தோகை தானாக உதிர்வது. உள்நாட்டில் அதை வைத்திருக்கவும் விற்கவும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. தோகையின் மெல்லிய இழைகளைத் தண்டில் சுற்றினால் பச்சையும் வெண்கலமுமாக மின்னும் உடல் கிடைக்கும். ஆனால் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக்கூடாது. வெளிநாட்டு நண்பருக்கு நான்கு ஃப்ளை கட்டி அனுப்பும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

மற்றவற்றை விட்டுவிடுங்கள். குறிப்பாகச் சாம்பல் காட்டுக்கோழி. அதன் சேவலின் கழுத்திறகில் மெழுகுபோல் மின்னும் வெளிர்மஞ்சள் புள்ளிகள் உண்டு. பிரிட்டனில் சால்மன் மீனுக்கு அலங்கார ஃப்ளை கட்டியவர்கள் அந்தப் புள்ளிக்கு மயங்கி, நம் தென்னிந்தியக் காட்டுப் பறவையை மூட்டை மூட்டையாக இறக்குமதி செய்த காலம் உண்டு. இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்திப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. காட்டுப் பறவைகளின் இறகு, மான் முடி, அணில் வால் எதுவும் வேண்டாம். யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். கொடுவாவுக்குச் சேவல் இறகும் காட்டுக்கோழி இறகும் ஒன்றுதான்.

எல்லாச் செய்முறையிலும் மான் வால் முடி கேட்கிறார்களே?

அது அமெரிக்க வெண்வால் மானின் முடி. இறக்குமதிச் சரக்கு கிடைத்தாலும் விலை அதிகம். நான் பரிந்துரைப்பது சவுரி. செயற்கை இழையால் செய்த சவுரிமுடி ஃபேன்சி கடைகளில் கறுப்பிலும் பழுப்பிலும் கிடைக்கிறது. நீளமானது, நீரை உறிஞ்சாது, எத்தனை மீன் கடித்தாலும் தாங்கும். வெள்ளைக்கும் மற்ற நிறங்களுக்கும் கரடிப் பொம்மையின் நீண்ட ரோமத்தை வேரோடு ஒட்ட வெட்டி, சீப்பால் வாரி, அடியில் சுருண்டிருக்கும் குட்டை ரோமத்தை நீக்கிப் பயன்படுத்தலாம். அக்ரிலிக் கம்பளி நூலைப் பிரித்துப் பழைய பல்துலக்கியால் வாரினாலும் அருமையான இழை வரும். ஆட்டு முடியும் நல்லதே. தலைமுடி வேண்டாம், நனைந்தால் துவண்டு ஒட்டிக்கொள்ளும்.

மின்னும் இழை, கம்பி, கண்கள்?

ஜரிகைக்குப் பஞ்சமான ஊரா இது! ஆரி வேலைப் பொருட்கள் விற்கும் கடையில் பாலியெஸ்டர் ஜரிகையாகக் கேட்டு வாங்குங்கள். உலோக ஜரிகை உப்புநீரில் கறுத்துவிடும். பாட்டியின் காஞ்சிபுரம் புடவையைப் பிரிக்க நினைப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

தாமிரக் கம்பிக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. எனாமல் பூசிய மெல்லிய கம்பியின் துண்டுகளைக் கேட்டால் தருவார்கள். கண்களுக்கு அடையாள அட்டை மாட்டும் குண்டுமணிச் சங்கிலி: இரண்டிரண்டு மணியாக வெட்டிக்கொண்டால் கண்ணும் ஆயிற்று, எடையும் ஆயிற்று. இறாலின் கண்ணுக்குத் தடித்த நைலான் நரம்பின் நுனியை லைட்டரில் காட்டுங்கள், உருகி உருண்டையாகிவிடும். மிதக்கும் ஃப்ளைக்குப் புத்தகக் கடையில் கைவினைக்கென்று விற்கும் ஃபோம் ஷீட். புற ஊதா விளக்கு, சிறிய கிளிப் போன்றவற்றுக்கு ரிச்சி தெரு.

முதலில் எதைக் கட்டுவது?

ஊலி பகர். அது முடிந்ததும் கிளவுசர் மின்னோ. இரண்டும் பென்சில்வேனியாவில் பிறந்தவை. முதலாவதை ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் 1967-இல் கட்டினார். இரண்டாவதை பாப் கிளவுசர் 1980-களில் சஸ்குவஹானா ஆற்று மீன்களுக்காக உருவாக்கினார். ஊலி பகரில் துய்யிறகு வால், கம்பளி உடல், அதன் மேல் சுருளாகச் சுற்றிய சேவல் இறகு, அவ்வளவுதான். கை பழகுவதற்கு இதைவிட நல்லது இல்லை; ஜிலேபியும் விடாது.

கிளவுசரைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; உப்பங்கழியில் ஒரே ஒரு ஃப்ளைதான் கொண்டுபோகலாம் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். முள்ளின் கண்ணுக்குப் பின்னால் தண்டின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நூலால் சிறு மேடு எழுப்புங்கள். மணிகள் இரண்டையும் தண்டின் மேல்பக்கம் குறுக்காக வைத்து, எட்டு வடிவில் மாற்றி மாற்றிச் சுற்றுங்கள். பிறகு மணிகளுக்கு அடியில், தண்டுக்கு மேலாக, கிடைவட்டமாக நான்கைந்து சுற்று. இந்தச் சுற்றுதான் முன்போட்ட சுற்றுகளை எல்லாம் இறுக்குகிறது. இதை விட்டால் மணி உருளும். ஒரு சொட்டுப் பசை. வெள்ளை முடியில் தீக்குச்சித் தடிமன் எடுத்து, மணிகளுக்கு முன்னே கட்டி, இரு மணிகளுக்கும் நடுவே படியவைத்து, பின்னாலும் கட்டுங்கள். இப்போது முள்ளைத் தலைகீழாகத் திருப்பி வைஸில் பொருத்துங்கள். மணிகளுக்கு முன்னால் மட்டும் சில இழை ஜரிகை, அதன் மேல் பச்சை அல்லது பழுப்பு முடி. தலையை நூலால் மூடி முடிச்சிட்டுப் பசை தடவுங்கள்.

மணிகளின் எடையால் நீரில் இது முனை மேல்நோக்கியே போகும். எண்ணூர்ப் பக்கம் சிப்பி ஒட்டிய பாறைகளில் மாட்டாமல் வருவதற்கு அதுதான் காரணம்.

என் ஃப்ளை கொழுத்த பூச்சிபோல வருகிறது. எங்கே பிசகு?

முடியை அள்ளி வைத்திருப்பீர்கள். எடுத்த முடியில் பாதியைத் திரும்ப வையுங்கள். மீதியிலும் கொஞ்சம் குறைத்தால் சரியாக இருக்கும். நெத்திலியையும் மடவைக் குஞ்சையும் நீருக்குள் பாருங்கள்: ஒளி ஊடுருவும் உடல், ஒரு கண், ஒரு வெள்ளிக்கோடு. அடர்ந்த ஃப்ளை நீரில் மூழ்கத் தயங்கும், அசையவும் அசையாது. முள்ளின் கண்ணை ஒட்டித் தொடங்குவது இன்னொரு பிசகு. கண்ணின் அளவுக்கு இடம் விட்டுத் தொடங்காவிட்டால் தலைக்கு இடம் இருக்காது. கடைசி முடிச்சு கண்ணையே மூடிவிடும்.

கடைசி முடிச்சை எப்படிப் போடுவது?

நூலை வளையமாக்கி, நூலின் பாபின் பக்கத்தைத் தண்டோடு சேர்த்துப் படுக்கவைத்து, வளையத்தால் அதன் மேலேயே ஐந்து சுற்று சுற்றி இழுத்தால், நூல் தன் சுற்றுகளுக்கு அடியிலேயே மாட்டிக்கொள்ளும். இதற்குத்தான் விப் ஃபினிஷ் என்று பெயர். விரலாலேயே செய்யப் பழகுங்கள். கருவி பிறகு வாங்கலாம்.

பசைக்கு எது சிறந்தது?

நிறமற்ற நகப்பூச்சு, இரண்டு பூச்சு. சூப்பர் க்ளூ உடனே பிடிக்கும். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் வெண்புகை படர்ந்து, ஜரிகையின் மினுக்கம் போய்விடும். புற ஊதா ஒளியில் இறுகும் பிசின் மிக அழகாக வரும். ஜன்னலோரம் உட்கார்ந்து அதைத் திறக்காதீர்கள். சென்னை வெயில் உங்கள் விளக்குக்காகக் காத்திருக்காது.

மின்விசிறியை நிறுத்தினால் வியர்வை, போட்டால் இறகு பறக்கிறது.

மேசை விசிறியைத் தரையில் வைத்துக் காலுக்குத் திருப்புங்கள். இறகை ஈரவிரலால் தடவி எடுங்கள். வியர்த்த கை பட்ட முள் துருப்பிடிக்கும், அதனால் மடியில் ஒரு துண்டு. அல்லது ராத்திரியில் கட்டுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், கரைத் தூண்டிலுக்கு அல்ல. ஆனாலும் கத்திரி வெயிலில் கரையில் நிற்பதைவிட வீட்டில் உட்கார்ந்து பெட்டியை நிரப்புவது புத்திசாலித்தனம்.

மழைக்காலத்துக்கு என்ன நிறம்?

வடகிழக்குப் பருவமழையில் முகத்துவாரம் கலங்கியிருக்கும்போது கறுப்பு, அல்லது கிளிப்பச்சையும் வெள்ளையும். கலங்கிய நீரில் மீனுக்குத் தெரிவது உருவம்தான். கறுப்பு அதைத் துல்லியமாகக் காட்டும். நீர் தெளிந்த பிறகு வெள்ளை, வெள்ளி, இளம்பழுப்பு. ஆகாயத்தாமரை மண்டிய ஏரியில் நிறத்தைவிட முக்கியம், முள்முனைக்கு முன்னால் நைலான் நரம்பு வளையம் ஒன்று கட்டுவது. தண்டின் பின்பகுதியில் தொடங்கி, முனையைச் சுற்றிக் கொண்டுவந்து, கண்ணருகே கட்டினால் செடியில் மாட்டாது. விராலுக்கு ஃபோம் முதுகு வைத்த கர்க்லர் கட்டுங்கள். ஜாக் கார்ட்சைடு உருவாக்கிய வகை அது. இழுத்தால் நீர்மட்டத்தில் கொப்புளித்துச் சத்தம் எழுப்பும்.

வீட்டிலேயே சாயம் ஏற்றலாமா?

வெள்ளை இறகுக்கு உணவுச் சாயமும் வினிகரும் போதும். கொதிக்கவிடாமல் ஆவி பறக்கும் சூட்டில் வைத்திருங்கள். கொதித்தால் இறகு சுருளும். மஞ்சள்தூள் பிரமாதமாகப் பிடிக்கும், வெயிலில் வெளுத்தும் போகும். டீத்தூள் கொடுக்கும் இளம்பழுப்பு இறாலுக்குப் பொருத்தம். சவுரி போன்ற செயற்கை இழையில் இவை எதுவும் ஒட்டாது; மார்க்கர்தான் வழி.

கட்டியவற்றை எப்படிப் பாதுகாப்பது?

உப்புநீரில் போட்ட ஃப்ளையை நல்ல நீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். ஈரமான ஒன்று உள்ளே போனால் அதோடு இருக்கும் அத்தனைக்கும் துரு தொற்றும். இறகுகளை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, வகைவகையாகத் தனித்தனியே வையுங்கள். ஒன்றில் பூச்சி வந்தால் மற்றது தப்பும். அந்துருண்டை பூச்சியை விரட்டும், ஆனால் அதன் வாடையை மூடிய அறையில் சுவாசிப்பது நல்லதல்ல.

கடையில் வாங்குவதைவிட மலிவாக முடியுமா?

முடியாது. யாராவது முடியும் என்று சொன்னால் அவர் அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கரைக்குப் போகும் முன் எப்படிச் சோதிப்பது?

ஒரு வாளி நீர் போதும். ஃப்ளையை ஒரு முழம் நரம்பில் கட்டி முக்கி, விரலால் பிழிந்து காற்றை வெளியேற்றிவிட்டு விடுங்கள். கிளவுசர் தலை முன்னால் சாய்ந்து இறங்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தால் மணி கோணலாகக் கட்டப்பட்டிருக்கிறது. நரம்பை இழுக்கும்போது சுழன்றால், ஒருபக்கம் முடி அதிகம். அந்தப் பக்கத்தில் சில இழைகளை வெட்டுங்கள். வாலைப் பிடித்துச் சற்று வலுவாகவே இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால், பிளேடால் நூலை அறுத்து முள்ளை மீட்டுக்கொண்டு மறுபடி கட்டுங்கள். முள்தான் விலையுள்ளது.